பக்கவாதத்துக்குப் பிறகு பிளட் தின்னர் சாப்பிடும் அப்பாவுக்கு ஈறில் ரத்தம் வருகிறது, கையில் நீலத் திட்டுகள் தெரிகின்றன. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். பயம் நியாயமானதுதான். ஆனால் அடைப்பால் வந்த பக்கவாதம் என்றால், அடுத்த அடைப்பு வராமல் காப்பதே அந்த மாத்திரைதான். அபிக்சபான், ரிவரொக்சபான் போன்றவற்றின் வேலை ஓரிரு நாளிலேயே தீர்ந்துவிடும். நிறுத்தினால் பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

நான் மருத்துவர் இல்லை. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால் பக்கவாதம் வந்து, வார்ஃபரின் சாப்பிடும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். ஈறில் லேசாகக் கசிவதும், எங்காவது இடித்துக்கொண்டால் தோல் கன்றிப்போவதும் இந்த மாத்திரைகளோடு வருபவைதான். மென்மையான பிரஷ்ஷுக்கு மாறுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை என்றால் அன்றைக்கே காட்டுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, அப்பா வேறு என்னவெல்லாம் சாப்பிடுகிறார் என்பதை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் வயிற்றின் உள்சுவரைப் புண்ணாக்கும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களையும் ஒட்டவிடாது. பிளட் தின்னரோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கு அதுவே போதும். வார்ஃபரின் என்றால் ஆன்டிபயாட்டிக்கும் வில்லன்தான். அம்மாவுக்குப் பல் வீக்கத்துக்கு யாரோ மெட்ரோனிடசோல் எழுதிக்கொடுத்தார். வார்ஃபரின் சாப்பிடுகிறாரா என்று கேட்கவே இல்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டியது, 4-ஐத் தாண்டியது. பரிசோதனைக்கு ஊசி குத்திய இடம் மறுநாள் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துவிட்டது. வார்ஃபரின் அளவைக் குறைத்துத்தான் சரிசெய்தார்கள். இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் உட்காரும் முன்பே மாத்திரைச் சீட்டை நீட்டிவிடுகிறேன்.

அப்பாவுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும் கொடுத்திருந்தால், எந்தத் தேதிவரை என்று கேளுங்கள். சிறிய பக்கவாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் 21 நாள், சிலருக்கு 90 நாள்வரை இரண்டும் கொடுத்து, அப்புறம் ஒன்றை மட்டும் தொடர்வார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கணக்கு வேறு. தேதி எழுதாத சீட்டில் இரண்டும் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்; பலன் கூடாது, ரத்தக்கசிவு அபாயம்தான் கூடும்.

ரத்த அழுத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். மூளைக்குள் ரத்தம் கசிவதற்கு மாத்திரையைவிடக் கட்டுக்குள் இல்லாத பிரஷர்தான் பல நேரம் பெரிய காரணம்.

எப்போது ஓட வேண்டும்? மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் (இரும்புச் சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் இந்தப் பிசுபிசுப்பு இருக்காது). வாந்தியிலோ சிறுநீரிலோ ரத்தம் தெரிந்தால். கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் போங்கள்.

திடீரென்று கடும் தலைவலி, மயக்கம், பேச்சுக் குழறல் வந்தால் இன்னொரு விஷயம். அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதலுதவி என்று வீட்டிலேயே ஒரு ஆஸ்பிரினைக் கொடுத்துவிடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கடைசியாக எந்த மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று எழுதி எடுத்துப் போங்கள். ரத்தக்கசிவு என்றால், அதைப் பார்த்துத்தான் மாத்திரையின் வேலையை முறிக்கும் மருந்து கொடுப்பார்கள்: வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, டபிகட்ரானுக்கு இடாருசிசுமாப் என்று மாத்திரையைப் பொறுத்து மாறும்.