ஐரோப்பா டூருக்காக பிக்சட்டை உடைக்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நானும் மனுசியும் வெள்ளவத்தையில வாடகைக்கு இருக்கிறம், ரெண்டு பேரும் வேலை. எல்லாச் செலவும் போக மாசம் ஒண்டரை லட்சம் மாதிரி மிஞ்சும். தெஹிவளைப் பக்கம் ஃபிளாட் ஒண்டுக்கு முற்பணம் கட்டவெண்டு 30 லட்சம் பாங்கில பிக்சட் டிப்பாசிட்ல போட்டு வச்சிருக்கிறம். இன்னும் 14 மாசத்தில எங்கட பத்தாவது கலியாண நாள் வருது. பாரிஸ், அம்ஸ்டர்டாம், ப்ராக், வியன்னா, சுவிஸ், ரோம் எல்லாத்தையும் 12 நாளில பாத்திட்டு வர ஆசை. பாரிஸில என்ர மச்சான் இருக்கிறார். பிக்சட்டை உடைக்கவோ, இல்லாட்டி கார்ட்ல 24 மாச இன்ஸ்டோல்மென்ட் போடவோ? ஃபிரெண்ட் ஒருத்தன் சொல்லுறான், விசாவுக்கு ஆரிட்டயாவது 15 லட்சம் கைமாத்தா வாங்கி எக்கவுண்ட்ல போட்டுக் காட்டினா காணுமாம். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, கட்டாயம் போங்கோ. பத்து வருசம் ரெண்டு பேரும் உழைச்சுச் சேத்திருக்கிறியள், இந்தப் பயணத்தை வீண் செலவெண்டு நான் சொல்லமாட்டன். ஆனா அந்த 30 லட்சத்தில கை வைக்கவேண்டாம், கார்ட் இன்ஸ்டோல்மென்டும் வேண்டாம், உங்கட ஃபிரெண்ட் சொன்ன கைமாத்து வேலை அறவே வேண்டாம். 14 மாசம் கையில இருக்கு, மாசம் மிஞ்சிற காசிலேயே இந்தப் பயணத்தைச் செய்யலாம்.

முதல்ல அந்தக் கைமாத்துக் கதையை முடிச்சிடுறன், ஏனெண்டா கன பேர் இதில தான் மாட்டுப்படுகினம். விசாவுக்கு பாங்க் ஸ்டேட்மென்ட் கேக்கிறது கடைசி வரியில எவ்வளவு நிக்குது எண்டு பாக்க மட்டும் இல்லை, சம்பளம் மாசாமாசம் விழுதா, செலவு வருமானத்துக்குள்ள நிக்குதா எண்டு தான் பாப்பினம், அதுக்குள்ள விண்ணப்பிக்கிறதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் எங்கயிருந்தோ 15 லட்சம் வந்து விழுந்தா அது ஆருக்கும் கண்ணில குத்தும். ரிஜெக்ட் ஆனா கட்டின காசும் திரும்பி வராது, அடுத்த முறை விண்ணப்பிக்கேக்கயும் அதுக்கு விளக்கம் சொல்லவேண்டி வரும். உங்களிட்ட ஏற்கனவே உண்மையான 30 லட்சம் இருக்கு. அந்த பிக்சட் சேர்ட்டிஃபிகேட்டை பாங்கில கேட்டு வாங்கி ஃபைலுக்குள்ள வையுங்கோ. உடைக்காமலே அது உங்களுக்காக வேலை செய்யும்!

விசாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு காசு கையில இருக்கெண்டு காட்டவேணும் எண்ட விதியையும் பாருங்கோ. பிரான்ஸுக்குப் போறாக்கள் ஹோட்டல் புக்கிங் எதுவும் இல்லாட்டி ஒராளுக்கு ஒரு நாளைக்கு 120 யூரோ காட்டவேணும், ஹோட்டல் புக்கிங் இருந்தா 65, அங்க இருக்கிற சொந்தக்காரர் தன்ர ஊர் மேரியில, அதாவது நகரசபையில, அட்டெஸ்டாசியோன் தக்கெய் எண்ட, இவையள் என்ர வீட்டில தான் நிக்கப்போகினம் எண்டு உறுதிப்படுத்திற கடிதம் எடுத்துத் தந்தா 32.50 தான். மச்சான் வீட்டில நிக்கப்போறியள் எண்டா அந்தக் கடிதம் ஹோட்டல் காசை மட்டும் இல்லை, காட்டவேண்டிய காசையும் குறைக்குது.

இனி ஊர்களைப் பற்றி. 12 நாளில ஆறு ஊர் எண்டா பாதி நாள் ஸ்டேஷனிலயும் எயார்போர்ட்டிலயும் தான் போகும், ஒவ்வொரு தாவலுக்கும் டிக்கட், பெட்டிக் காசு, புது ஹோட்டல் எண்டு காசு இழுக்கும். நான் சொல்லுறது மூண்டே மூண்டு: பாரிஸில மச்சானோட 5 இரவு, சுவிஸில லூசர்ன்ல 3, ரோமில 3. பிளேன் டிக்கட் போடேக்க போய் வாற டிக்கட்டா போடாம மல்டி சிட்டி எண்டு போட்டு பாரிஸில இறங்கி ரோமில ஏறுங்கோ, திரும்பப் பாரிஸுக்கு ஓடுற காசும் ஒரு நாளும் மிஞ்சும். பாரிஸிலயிருந்து சுவிஸ் எல்லையில இருக்கிற பாசலுக்கு ரயில் மூண்டு மணித்தியாலம் தான், அங்கயிருந்து லூசர்ன் கிட்ட. அம்ஸ்டர்டாம், ப்ராக், வியன்னா இன்னொரு முறைக்கு நிக்கட்டும். மூண்டு நாட்டுக்கும் ஒரே விசா தான், இப்பிடிப் போட்டா பிரான்ஸில தான் கூட இரவு, அதால அந்த விசாவைப் பிரான்ஸுக்குத் தான் போடவேணும். லேசாக் கிடைக்குமாம் எண்டு ஆராவது வேற நாட்டைச் சொன்னா கேக்காதேங்கோ.

கணக்கை ரெண்டு பேருக்கும் சேத்துப் போடுறன், யூரோ 360 ரூபாய் எண்டு வச்சு. பிளேன் டிக்கட்டுக்கு 6 லட்சம் ஒதுக்குங்கோ. விசா ஒராளுக்கு 90 யூரோ, அதோட விண்ணப்பம் எடுக்கிற விசா சென்டரின்ர சேர்விஸ் காசு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, எல்லாம் சேத்து 1 லட்சம் எண்டு வைப்பம். லூசர்ன், ரோம் ஹோட்டல் 870 யூரோ, ரயிலும், சுவிஸுக்குள்ள ரயில், பஸ், கப்பல் எல்லாத்துக்கும் ஒரே டிக்கட்டான ஸ்விஸ் ட்ராவல் பாஸும் 850 யூரோ. சுவிஸ் எண்டோண்ண எல்லாரும் யுங்ஃப்ரா பனிமலைக்குத் தான் ஓடுகினம், அதுக்குத் தனியா பெரிய காசு போகும், ரிகி மலை ரயில் இந்தப் பாஸுக்குள்ளயே அடங்கும், ஏரிக் கப்பலும் அப்பிடித்தான். சாப்பாடு, மியூசியம், உள்ளூர் பஸ் எண்டு நாளுக்கு 100 யூரோப்படி 1,200. எல்லாம் கூட்டினா பதினேழரை லட்சம் வரும். அதுக்கு மேல 10 வீதம் கட்டாயம் போடுங்கோ. 2022 மார்ச்சில 200 ரூபாய் நிண்ட டொலர் மே மாசத்துக்குள்ள 360 க்குப் போனதை நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள், ரூபாயில சேத்து யூரோவில செலவழிக்கிற ஆக்கள் அந்த இடைவெளியை முதல்லயே கணக்கில எடுக்கவேணும். ஆக 19 லட்சத்து 30 ஆயிரம், 14 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 138,000.

உங்களிட்ட மிஞ்சிறது ஒண்டரை லட்சம், அதுக்குள்ள இது நிக்குது. ஆனா ஒண்டை மறைக்காமச் சொல்லவேணும், இந்த 14 மாசமும் ஃபிளாட்டுக்கெண்டு புதுசா ஒண்டும் சேராது, பிக்சட் வட்டி மட்டும் தான் ஏறும், அதிலயும் 10 வீதம் வரி பிடிப்பாங்கள். ஃபிளாட் ஒரு வருசத்துக்கு மேல தள்ளிப்போறதுக்கு மனுசியும் சம்மதமா எண்டு ரெண்டு பேரும் ஒரு நாள் ஆறுதலா இருந்து கதையுங்கோ. அவவுக்கு ஃபிளாட் தான் முதல் எண்டா சுவிஸை விட்டிட்டு பாரிஸும் ரோமும் மட்டும் போங்கோ, 5 லட்சம் மாதிரிக் குறையும்.

பிக்சட்டை இடையில உடைச்சா பேசின வட்டியைத் தரமாட்டாங்கள். உண்மையா ஒரு அவசரம் வந்தா அதின்ர மேல லோன் எடுக்கலாம், அதுவும் ஆஸ்பத்திரி மாதிரி அலுவலுக்கு, டூருக்கு இல்லை. கார்ட் இன்ஸ்டோல்மென்டை வட்டி இல்லை எண்டு விளம்பரம் போடுவினம், ஹான்ட்லிங் சார்ஜ் எவ்வளவு, ஒரு மாசம் தவறினா என்ன நடக்கும் எண்டு கேட்டுப் பாருங்கோ. வந்து இறங்கின பிறகு ரெண்டு வருசம் கட்டுற பயணக் கடன் ஃபிளாட்டை இன்னும் பின்னுக்குத் தள்ளும். மச்சான் அங்க யூரோவில கட்ட நீங்கள் இங்க அவற்ர வீட்டாரிட்ட ரூபாய் குடுக்கிற உண்டியல் கணக்கும் வேண்டாம். அவர் அன்பளிப்பா ஏதும் தாறதெண்டா பாங்கால அனுப்பட்டும்.

அங்க போன பிறகு ஒண்டைக் கவனிக்கவேணும். கார்டை மெஷினில போட்டோண்ண சில கடையில ஸ்கிறீனில ரெண்டு தொகை வரும், ஒண்டு யூரோவில, மற்றது இலங்கை ரூபாயில. ரூபாயைப் பாத்தோண்ண எங்கட காசு தானே எண்டு மனம் அதில போகும், அமத்தாதேங்கோ. அது அந்த மெஷின்காரர் தங்கட இஷ்டத்துக்குப் போடுற ரேட், எப்பவும் உள்ளூர்க் காசைத் தான் தெரிவு செய்யவேணும். சுவிஸில அது ஃபிராங். ரோமில கோப்பியை கவுண்டரில நிண்டு குடிச்சா ஒரு விலை, மேசையில இருந்தா வேற விலை. தெருக் குழாய்த் தண்ணி குடிக்கலாம், போத்தல் வாங்கிக் காசை விடாதேங்கோ. ஹோட்டலில சிற்றி டாக்ஸ் எண்டு இரவுக்கு இரவு தனியாக் கேப்பினம், பயப்பிடத் தேவையில்லை, அது முறைப்படி வாற வரி தான்.

இந்த மாசமே சம்பள எக்கவுண்டில இருந்து வேற ஒரு சேவிங்ஸுக்கு 138,000 தானாப் போற மாதிரி ஸ்டாண்டிங் ஓர்டர் போடுங்கோ. விசா வாற வரைக்கும் இலவசமா கான்சல் பண்ணக்கூடிய ஹோட்டல் புக்கிங் தான், பிளேன் டிக்கட் ரிசர்வேஷனோட நிக்கட்டும், விசா குத்தினாப் பிறகு காசைக் கட்டுங்கோ. பயணத்துக்கு ஆறு மாசத்துக்கு முதலே விண்ணப்பிக்கலாம், நேர காலத்தோட அப்பொயின்ட்மென்ட் எடுங்கோ. பாஸ்போட்டுகளை இண்டைக்கே எடுத்துப் பாருங்கோ, திரும்பி வாற நாளுக்குப் பிறகு மூண்டு மாசமாவது செல்லுபடியாகவேணும், எடுத்துப் பத்து வருசம் தாண்டியிருக்கவும் கூடாது. மச்சானுக்கும் இப்பவே ஒரு கோல் எடுத்து, மேரியில அந்தக் கடிதம் எடுக்க எவ்வளவு நாள் செல்லும், என்னென்ன கேப்பினம் எண்டு விசாரிக்கச் சொல்லுங்கோ, அந்தக் கடிதம் பிந்தினா உங்கட விசா ஃபைலும் பிந்தும்.