அம்மாவின் சுகர் எவ்வளவு?

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். வயது 45. அப்பா இறந்து 6 வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்தவர், அடுத்த மாதம் ஊருக்குக் கிளம்புகிறார். தள்ளுபடியில் கிடைத்தது என்று டி.என்.ஏ. பரிசோதனை கிட் இரண்டு வாங்கினேன், எனக்கொன்று, அம்மாவுக்கொன்று. அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது என்பதால் சுகர் டெஸ்ட் என்று சொல்லி எச்சில் வாங்கி அனுப்பினேன். “ஊசி குத்த வேண்டாமா?” என்று கேட்டார். அமெரிக்காவில் இப்படித்தான் என்றேன். ரிசல்ட் என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நார்மல் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையான ரிசல்ட் வந்தபோது என் உலகமே இடிந்துவிட்டது. நெதர்லாந்தில் இருக்கும் 51 வயதுப் பெண் ஒருவர் எனக்கு 18 சதவீதம் ஒத்துப்போகிறார், ‘ஹாஃப் சிஸ்டர்’ (பெற்றவர்களில் ஒருவர் மட்டும் பொதுவான சகோதரி) என்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கும் அவர் 12 சதவீதம் ஒத்துப்போகிறார். (என் அம்மா அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள். அப்பாவோடு பிறந்தவர்கள் அந்த அக்காவும், இரண்டு தம்பிகளும், ஒரு தங்கையும்.) அந்தப் பெண் கைக்குழந்தையாகத் தமிழ்நாட்டிலிருந்து தத்துப் போனவராம். “எனக்கு எதுவும் வேண்டாம். என்னைப் பெற்றவர்கள் யார் என்று தெரிந்தால் போதும்” என்று எழுதியிருக்கிறார். இரண்டு மாதமாக நான் பதில் போடவில்லை. அப்பா இப்படிச் செய்திருப்பாரா? இந்த வருஷம் அவர் திதிக்குப் படையல்கூட வைக்கவில்லை, மனசு வரவில்லை. கணக்கை அழித்துவிடு, வீட்டில் பங்கு கேட்டு வந்துவிடப் போகிறாள் என்கிறான் தம்பி. அம்மாவிடம் சொல்லலாமா, வேண்டாமா?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: அம்மாவின் சுகர் எவ்வளவு?

உங்களைத்தான் கேட்கிறேன். அப்பாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் எச்சில் வாங்கிய கதைக்கு மட்டும் மூன்றே வரி, அதுவும் ஏதோ வேடிக்கை மாதிரி. அந்த மூன்று வரியைத் தாண்டி மேலே படிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

நடந்ததை அவர் பக்கமிருந்து பாருங்கள். எச்சில் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்று அந்த டப்பாவில் போட்டிருக்கும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துப் பழகியவருக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும். எழுபது வயதுக்கு மேல் பலருக்கு வாய் வறண்டு கிடக்கும், சர்க்கரைக்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம். குழாயில் போட்டிருக்கும் கோடு வரை நிரப்ப, கன்னத்தை வெளியிலிருந்து தேய்த்துத் தேய்த்துத் துப்பியிருப்பார். மகள் நம் உடம்பு மேல் இவ்வளவு அக்கறையாக இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டு துப்பியிருப்பார். ரிசல்ட் என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தாரே, அது பயம். தினம் தினம் அந்தப் பயத்தோடு அவரை உட்கார வைத்துவிட்டு, கடைசியில் நார்மல் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறீர்கள்.

நார்மல் என்று கேள்விப்பட்ட சர்க்கரைக்காரர் என்ன செய்வார் என்று சொல்லட்டுமா? மத்தியானம் சோறு ஒரு கரண்டி கூடும். காப்பிக்கு அரை ஸ்பூன் சர்க்கரை திரும்பி வரும். பேரன் பிறந்தநாள் கேக்கில், “ஒரு துண்டுதானே.” ஊரிலிருந்து எண்ணிக் கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துபோகிறதே என்று இரவு வேளையை விட்டுவிடுவார், அதான் நார்மலாச்சே. உங்கள் அம்மா இதில் எதைச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. எனக்குக் கோபம் அதனால்தான்.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக, அன்று எடுத்தது சுகர் டெஸ்ட் இல்லை, நார்மல் என்று நான் சொன்னது பொய் என்று அவரிடம் சொல்லுங்கள். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் குளுக்கோமீட்டரை வாங்கி நாளைக் காலையே விரலில் குத்திப் பாருங்கள். ஊருக்குக் கிளம்புமுன் ஹெச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டிவிடும், உங்கள் ‘நார்மலின்’ விலை என்னவென்றும் தெரிந்துவிடும். விசிட்டர் இன்சூரன்ஸில் இது வராது என்று சொல்லாதீர்கள். கிட் வாங்கக் காசு இருந்தது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அம்மாவிடம் சொல்லலாமா என்கிறீர்கள். எதை? அவர் உடம்பிலிருந்து எடுத்தது ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் இருக்கிறது, அவர் மரபணு விவரம் இணையத்தில் இருக்கிறது, நெதர்லாந்தில் ஒருவர் தன் சொந்தக்காரர் பட்டியலில் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் தம்பிக்குத் தெரியும், இப்போது எனக்குத் தெரியும். தெரியாதவர் அந்த எச்சிலுக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான். இந்தக் கம்பெனிகள் பொதுவாக, அடுத்தவர் எச்சில் மாதிரியை அனுப்புவதானால் அவர் சம்மதம் வேண்டும் என்று கேட்கும். அந்தக் கட்டத்தில் நீங்கள் டிக் அடித்திருப்பீர்கள். பிரிட்டனில் சம்மதம் இல்லாமல் ஒருவருடைய முடியையோ எச்சிலையோ டி.என்.ஏ. சோதனைக்காக எடுத்து வைத்திருப்பதே 2004ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், மூன்று வருஷம்வரை ஜெயில் உண்டு. நம் நாட்டிலும், கணவன் மனைவி வழக்கில் குழந்தைக்கு டி.என்.ஏ. சோதனை என்று எடுத்த எடுப்பில் உத்தரவு போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. நீதிபதிகளே யோசித்துச் செய்கிற காரியத்தை நீங்கள் சமையலறை மேஜையில் வைத்து முடித்துவிட்டீர்கள். பெற்றவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டியது பிள்ளைகளின் கடமை என்று நம்புகிற பழைய ஆள் நான். அவர்களுக்குத் தெரியாமல் அவர்களைச் சோதனை போடுவது அந்தக் கடமையில் சேர்த்தியில்லை.

‘அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது’ என்றீர்களே, அதற்கு வருகிறேன். மாமன் மகள், அத்தை மகன், ஒன்றுவிட்ட பெரியப்பா, இவருக்கு அவர் எந்த முறை என்று நாலு தலைமுறையை விரல் நுனியில் வைத்திருக்கும் தலைமுறை அது. உங்கள் குடும்பத்தைப் புரிந்துகொள்ளத் தெரியாதது அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்தான். அதை நம்பி அப்பா திதியை நிறுத்திவிட்டீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரே அப்பா, வேறு வேறு அம்மா என்றால் இரண்டு பிள்ளைகளுக்குள் சராசரி 25 சதவீதம் ஒத்துப்போகும். 17இலிருந்து 34 வரை கூடக் குறைய இருக்கலாம். சித்தப்பா, பெரியப்பா, அத்தை பிள்ளைகள் என்றால் சராசரி 12.5. உங்களுக்கு 18 என்றதும், 17க்கு மேல்தானே என்று கம்ப்யூட்டர் ஹாஃப் சிஸ்டர் என்று எழுதிவிட்டது. பெற்றவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ரத்த சம்பந்தம் இல்லாதவர்கள் என்று வைத்துக்கொண்டுதான் அது இந்த லேபிளை ஒட்டுகிறது. உங்கள் வீட்டில் நடந்தது தாய்மாமன் கல்யாணம். அப்பா வீட்டு ரத்தம் உங்களுக்கு அப்பா வழியாகவும் வந்திருக்கிறது, அப்பாவின் அக்காவான பாட்டி வழியாக அம்மாவிடம் போய் அங்கிருந்தும் வந்திருக்கிறது. அந்த வீட்டுச் சொந்தம் யாராக இருந்தாலும் உங்களோடு ஒத்துப்போகிற அளவு கூடுதலாகத்தான் காட்டும்.

அப்படியானால் நெதர்லாந்துப் பெண் உங்கள் அப்பாவுக்கே பிறந்தவராக இருந்தால் உங்களுக்குள் 30 சதவீதத்தை ஒட்டி வந்திருக்க வேண்டும். அப்பாவின் தம்பிகளிலோ தங்கையிலோ ஒருவருடைய பிள்ளை என்றால் 18ஐ ஒட்டி வரும். உங்களுக்கு வந்திருப்பது 18. அம்மாவுக்கு வந்த 12, மாமன் மகள் அல்லது சித்தி மகள் என்ற உறவுக்குப் பொருந்துகிறது. அந்த எண் மட்டும் அப்பாவைச் சேர்க்கவும் செய்யாது, விலக்கவும் செய்யாது; அப்பாவும் அவருக்கு மாமாதானே. பாட்டியை மட்டும் கழித்துவிடலாம், அவருடைய பிள்ளையாக இருந்தால் அம்மாவுக்கு 25ஐ ஒட்டிக் காட்டியிருக்கும்.

இது தீர்ப்பு இல்லை. எண்கள் மேலும் கீழும் போகும். உங்கள் குடும்ப மரத்தைக் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு, சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்ததை மறைக்காமல், ஒரு மரபணு ஆலோசகரிடம் காட்டுங்கள். ஆனால் செத்துப்போன மனிதர் மேல் குற்றப்பத்திரிகை எழுத இந்த 18 போதாது, அவர் குற்றமற்றவர் என்ற பக்கம்தான் அது அதிகம் சாய்கிறது. அதற்காக அடுத்த நிமிஷமே சித்தப்பாக்களுக்கும் அத்தைக்கும் போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். ஒருவரை விட்டு இன்னொருவரைப் பிடிப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை.

அப்பாவை உங்களுக்கு 39 வருஷம் தெரியும். அம்மாவுக்கு அவரைத் தான் பிறந்ததிலிருந்து தெரியும், தொட்டிலில் கிடந்தபோதே தூக்கி வைத்துக்கொண்டிருந்த மாமா அவர். அந்தப் பெண் பிறந்தபோது உங்கள் அம்மாவுக்கு 21 வயது இருந்திருக்கும். பாட்டி வீட்டில் அந்தக் காலத்தில் யார் திடீரென்று வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், எந்தக் கல்யாணம் அவசர அவசரமாக நடந்தது, எந்தப் பேரை எடுத்தாலே பெரியவர்கள் பேச்சை மாற்றினார்கள் என்பதெல்லாம் 21 வயதுப் பெண்ணின் கண்ணில் படாமல் போகாது. அவருக்கு ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். எல்லாம் தெரிந்து ஐம்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டும் இருக்கலாம். அதை வெளியே சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம். “அம்மா, இப்படி ஒரு பெண் எழுதியிருக்கிறாள்” என்று சொல்லிவிட்டு நீங்கள் பேசாமல் உட்காருங்கள். அப்பா பேரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். அழுதால் அழட்டும். பேச மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

அவருடைய கணக்கு இருக்க வேண்டுமா, அழிய வேண்டுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். கேட்குமுன் இதையும் சொல்லிவிடுங்கள். 23அண்ட்மீ என்ற டி.என்.ஏ. சோதனைக் கம்பெனியில் 2023இல் தகவல் திருட்டு நடந்தது. திருடர்கள் நேராகப் புகுந்தது ஏறத்தாழ 14,000 கணக்குகளில்தான். ஆனால் சொந்தக்காரர் பட்டியல் வழியாக அவர்கள் கைக்குப் போனது சுமார் 69 லட்சம் பேரின் விவரம். 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. கடைசியில் அதை நிறுவியவர்களில் ஒருவர் நடத்தும் லாப நோக்கமற்ற அமைப்பே 30.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. நீங்கள் அனுப்பிய கம்பெனி எதுவாக இருந்தாலும், எச்சில் ஒருவருடையது, விற்கிறவர் வேறொருவர் என்ற நிலைமை எங்கும் இருக்கிறது. கணக்கை அழிப்பது வேறு, ஆய்வகத்தில் மீதியிருக்கும் மாதிரியை அழிக்கச் சொல்வது வேறு. அம்மா வேண்டாம் என்றால் இரண்டையும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. இணையதளத்தில் வந்த சதவீதத்தைக் காட்டி யாரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பங்கு எழுதி வாங்கிவிட முடியாது. சந்தேகமிருந்தால் ஒரு வக்கீலைப் பார்க்கட்டும். எதுவும் வேண்டாம் என்று எழுதியவரைப் பார்த்து முதலில் தம்பிக்கு வீட்டு நினைப்பு வந்ததே, அதைப் பற்றி அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, இரண்டு மாதமாகப் பதிலுக்குக் காத்திருக்கும் அந்தப் பெண். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டு இல்லங்களிலிருந்து நெதர்லாந்து, ஸ்வீடன், டென்மார்க் என்று எத்தனையோ குழந்தைகள் போனார்கள். ஐம்பது வயதில் சென்னைக்கு வந்து, பழைய பதிவேட்டில் ஒரு வரியாவது கிடைக்குமா என்று அலைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பலருக்கு அந்த ஒரு வரியும் கிடைப்பதில்லை. இவருக்குக் கிடைத்தது உங்கள் பெயர். எப்படிப் பார்த்தாலும் இவர் உங்கள் வீட்டுப் பெண். அக்காவா, சித்தப்பா மகளா, அத்தை மகளா என்பதுதான் பாக்கி. வீட்டுப் பெண் வாசலில் நின்று கூப்பிடும்போது உள்ளே உட்கார்ந்துகொண்டு குரல் கொடுக்காமல் இருப்பது எந்த ஊர் வழக்கம்?

இன்றைக்கே எழுதுங்கள். “உங்கள் கடிதம் கிடைத்தது. தாமதத்துக்கு மன்னியுங்கள். நாம் சொந்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, என்ன உறவு என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பேச எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். நிச்சயம் மறுபடி எழுதுவேன்.” இவ்வளவு போதும். இது உங்கள் எச்சில், உங்கள் கணக்கு, இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அப்பா, சித்தப்பாக்கள், அத்தை யார் பெயரையும் ஊரையும் போட்டோவையும் அம்மாவிடம் பேசி முடிக்கும்வரை அனுப்பாதீர்கள். அம்மா பேச மறுத்தால், மறுத்துவிட்டார் என்பதையே மரியாதையாக எழுதி, ஆலோசகர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.