அறுவை மருத்துவர் துணைவேந்தர் ஆனால்

அன்புள்ள ஐயா,

என் மகள் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை, இரண்டாம் ஆண்டு. நல்ல சர்ஜன் ஒருவரைத் துணைவேந்தர் நாற்காலியில் உட்காரவைத்தால் நோயாளிக்கு நஷ்டம், பல்கலைக்கழகத்துக்கும் லாபமில்லை என்பது என் எண்ணம். வெளிநாட்டில் இது சகஜம் என்கிறார்களே? அந்தப் பாதைதான் என்ன? நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) ஏன் துணைவேந்தர் இல்லை?

ஆர்., காட்பாடி

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வி சுலபம். சி.எம்.சி. பல்கலைக்கழகம் அல்ல, இணைவுக் கல்லூரி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி, 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்காகச் சென்னைப் பல்கலைக்கழக இணைவைப் பெற்றது. இன்று பட்டம் தருவது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். ஆகவே அங்கே உச்சப் பதவி இயக்குநர்தான். படிப்புக்கு முதல்வர் தனி. 1949இல் நரம்பு அறுவைத் துறையை அங்கே தொடங்கிய ஜேக்கப் சாண்டி பின்னாளில் முதல்வராகவும் இருந்தார்.

பாதை நீளம். எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு ஐந்தரை வருஷம், எம்.எஸ். மூன்று, சீனியர் ரெசிடென்ட் ஒன்று, உதவிப் பேராசிரியராக நான்கு, இணைப் பேராசிரியராக மூன்று. அதற்கு மேல் துணைவேந்தர் பதவிக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி கேட்பது பேராசிரியராகப் பத்து வருஷம். பதினெட்டில் சேர்ந்தவர் எங்கும் தடுக்காமல் வந்தாலும் நாற்பத்துநாலைத் தாண்டிவிடும், எம்.சிஎச். என்ற மேல்நிலை அறுவைப் பட்டமும் படித்தால் இன்னும் தள்ளிப்போகும். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் ஆய்வுக்கட்டுரை வேண்டும். சர்ஜன்கள் சறுக்குவது இங்கேதான்: கை ஓடும், பேனா ஓடாது.

நோயாளிக்கு நஷ்டம் என்பதில் பாதி உண்மை. இதய அறுவையில் பேர்போன மைக்கேல் டிபேக்கி 1969 முதல் 1979 வரை ஹூஸ்டனில் பேய்லர் மருத்துவக் கல்லூரியின் தலைவர். கத்தியைக் கீழே வைக்கவே இல்லை. மருத்துவம் மட்டும் நடக்கிற இடம் என்பதால் அது முடிந்தது. தமிழ்த்துறை முதல் தொலைதூரக் கல்வி வரை இருக்கிற பல்கலைக்கழகத்தில் அது நடக்காது.

பல்கலைக்கழகத்துக்கு லாபமில்லை என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயரிலேயே நம் ஆற்காட்டைச் சுமந்த ஏ. லட்சுமணசாமி முதலியாரைப் பாருங்கள். மகப்பேறு மருத்துவர், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர், 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இருபத்தேழு வருஷம்! (இப்போது கிடைப்பது வழக்கமாக மூன்று.) இயற்பியல் துறைக்கு ஆள் தேடியபோது சி.வி. ராமனைக் கேட்டார், ராமன் கைகாட்டியது ஜி.என். ராமச்சந்திரனை. 1952இல் பேராசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பதுதான். இரண்டே வருஷத்தில் கொலாஜன் என்ற புரதத்தின் மும்முறுக்குச் சுருள் அமைப்பு வெளிவந்தது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பதனிடுகிற தோலின் சரக்கே அந்தக் கொலாஜன்தான். தனக்குத் தெரியாத துறையில் தெரிந்தவர் சொன்ன பெயரை ஏற்பது எல்லா அதிகாரிக்கும் வராது.

பிறர் சொல்வதை ஏற்கிற இந்தக் குணம் ஆபரேஷன் தியேட்டரில் பழக்கமாகவே ஊறுகிறது. வயிற்றைத் திறப்பதற்கு முன் ஒரு முறை, உள்ளறையை மூடுவதற்கு முன் ஒரு முறை, தோல் தைக்கும்போது ஒரு முறை என்று மாப் (ரத்தம் ஒற்றும் துணி), காஸ், ஊசி எல்லாவற்றையும் எண்ணுவார்கள். எண்ணுவது சர்ஜன் அல்ல. கருவி எடுத்துக்கொடுக்கும் ஸ்கிரப் நர்ஸும் மேஜையைவிட்டுத் தள்ளி நிற்கும் நர்ஸும் சத்தமாகச் சேர்ந்து எண்ணி, போர்டில் எழுதுவார்கள். ஒன்று குறைந்தால் 'மேடம், ஒரு மாப் வரலை' என்பாள் இருபத்தைந்து வயதுப் பெண். பேராசிரியராகவே இருந்தாலும் தையலை நிறுத்தி மறுபடி துழாவ வேண்டும். கிடைக்காவிட்டால் மேஜையிலேயே எக்ஸ்ரே. மாப்பில் ஓடும் நூல் படத்தில் தெரிவது அதற்காகத்தான்.

பல்கலைக்கழகத்தில் இதே இடம் தேர்வுப் பிரிவு. மையத்திலிருந்து வந்த விடைத்தாள் கட்டில் ஒன்று குறைகிறது என்று செக்‌ஷன் ஆபீஸர் சொன்னால், ரிசல்ட் தேதியைத் தள்ளிவைக்கத் துணைவேந்தருக்குத் தைரியம் வேண்டும். 'பார்த்துக்கலாம், போடுங்க' என்றால் மறுமதிப்பீட்டில் வெடிக்கும், பிறகு கோர்ட்.

கெடுவது எங்கே? நர்ஸ் வாய் திறக்கப் பயப்படும் யூனிட்டில் சீஃபாக இருந்தவர் அப்படியே மேலே வந்தால். தியேட்டரில் கையை நீட்டினால் கருவி வந்துவிடும். பல்கலைக்கழக நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டில் நீட்டினால் கேள்விதான் வரும். அகாடமிக் கவுன்சிலில் பேசவேண்டிய பாடத்திட்ட மாற்றத்தைச் சுற்றறிக்கையில் முடித்துவிட்டு, ஆசிரியர் சங்கம் வாசலில் உட்கார்ந்ததும் ஆச்சரியப்படுவார்கள்.

மகளுக்கு இப்போதைக்கு நாற்காலி யோசனை வேண்டாம். மாதாந்திர இறப்பு ஆய்வுக் கூட்டத்தில் கேஸ் எழுதிப் படிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். யார் செய்தது என்பதை விட்டுவிட்டு, எந்த மணிக்கு எது தாமதமானது என்று எழுதப் பழகட்டும். கட்டுரை எழுதும் கையும் அதிலேயே வந்துவிடும்.