சிக்னல் இல்லாத மலையில் நிலம் அளக்க எந்த ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் வழி இடம் காணும்) கருவி?

கொல்லிமலையில் மொபைல் சிக்னல் இல்லாததால், களத்திலேயே உடனுக்குடன் திருத்தம் பெறும் ஆர்டிகே முறை சரிவரவில்லை, எல்1 என்ற ஒரே அலைவரிசையை வாங்கும் மலிவான ரிசீவர் வாங்கி பிறகு கணினியில் திருத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிறகு திருத்துவது சரியான முடிவுதான். ஆனால் எல்1 மட்டும் வேண்டாம் நண்பரே. பேஸ் (இடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளியில் நிற்கும் ரிசீவர்) 20 கிலோமீட்டர் தள்ளியிருந்தால், வானில் அயனி மண்டலத்தைக் கடக்கும்போது செயற்கைக்கோள் சிக்னலுக்கு ஏற்படும் தாமதம் இரு முனையிலும் ஒன்றாக இருக்காது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இரட்டை அலைவரிசை இருந்தால் அதைப் பெருமளவு கழித்துவிடலாம். யூபிளாக்ஸ் எஃப்9பி சிப் உள்ள கருவியே போதும். மென்பொருளுக்கு இப்போது செலவழிக்காதீர்கள், பிறகு திருத்த உதவும் ஆர்டிகேலிப் மென்பொருள் இலவசம். அப்புறம், சில்வர் ஓக் நிழலில் எடுத்த புள்ளியை எந்த மென்பொருளும் காப்பாற்றாது. எல்லைக்கல் மரத்தடியில் இருந்தால், வெட்டவெளியில் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி இரண்டு புள்ளி எடுத்து, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) கல்லை அளந்துவிடுங்கள்.