குட்டியை எடுக்கும் முன்னும் கொடுக்கும் முன்னும்: கேள்வி பதில்

அரசுக் கால்நடை மருந்தகங்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், நாய்க்குட்டி வாங்குவது குறித்தும், வளர்த்த நாயை வேறு வீட்டுக்குக் கொடுப்பது குறித்தும் நம் பக்கத்து மக்கள் என்னிடம் கேட்டு வருகிறார்கள். அவற்றுள் சில கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி (மகாராஜநகர், பாளையங்கோட்டை): அண்ணாச்சி, மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மகன் சிப்பிப்பாறைக் குட்டிதான் வேண்டும் என்கிறான். வாங்கலாமா?

பதில்: சிப்பிப்பாறை, கன்னி என்ற நம் நாட்டு நாய் இனங்கள் இரண்டும் நமக்கு வடக்கே உள்ள கரிசல் காடுகளில், முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்த வேலை இப்போது இல்லை. ஆனால் வேலை போனதே தவிர, ஓட வேண்டும் என்ற உந்துதல் அதன் உடம்பை விட்டுப் போகவில்லை. காலையும் மாலையும் சுற்றுச்சுவருள்ள வெளியில் அவிழ்த்துவிட்டு ஓட விட முடியுமானால் மாடி வீட்டிலும் அது அடக்கமாகவே இருக்கும், பகலில் பெரும்பகுதி தூங்கிவிடும். சாலையில் அவிழ்த்துவிடாதீர்கள், ஒரு பூனை குறுக்கே ஓடினால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. விலா எலும்பு இலேசாகத் தெரிவது இந்த இனத்தின் அமைப்பு. (“சோறு போடுவதில்லையா?” என்று எதிர்வீட்டார் கேட்கத்தான் செய்வார்கள்.) எல்லாவற்றுக்கும் முன்னதாக வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். என்னிடம் “வேறு இடம் பார்த்துக் கொடுங்கள்” என்று வந்த நாய்களில் பல, வீடு மாறியதால் வந்தவை.

கேள்வி (சங்கரன்கோவில்): குட்டிகள் விற்கும் ஒருவரின் இடத்துக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று நம் பெரியவர்கள் பெண் பார்ப்பதற்குச் சொன்னது நாய்க்குத்தான் அதிகம் பொருந்தும். குட்டிகளோடு தாய் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். “தாய் தோட்டத்தில் இருக்கிறது, குட்டியை மட்டும் பேருந்து நிலையத்துக்குக் கொண்டு வந்து தருகிறேன்” என்று சொல்பவரிடம் எவ்வளவு அழகான குட்டி இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பால் கொடுக்கும் தாய் சற்று மெலிந்திருப்பது இயல்பு. ஆனால் சொறி பிடித்து, உண்ணி அப்பி, அந்நியரைக் கண்டதும் மூலையில் ஒடுங்கும் தாயின் அச்சம் குட்டிக்கும் வரும். பிறப்பாலும் வரும், பார்த்துப் பழகுவதாலும் வரும்.

2017ஆம் ஆண்டில் மத்திய அரசு கொண்டு வந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டை நாய்க்குப் பதினெட்டு மாதம் நிறைந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. ஆகவே பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வதும், இது எத்தனையாவது ஈற்று என்று கேட்பதும் அவரைச் சந்தேகிப்பது ஆகாது. முறையாக வளர்ப்பவர் முகம் சுளிக்க மாட்டார். உங்களிடமே பத்துக் கேள்வி கேட்பார். கேட்காமல் பணத்தை எண்ணி வாங்குபவரிடம்தான் எனக்குச் சந்தேகம்.

இராஜபாளையம் நாய் வாங்குவதாக இருந்தால் காதைச் சோதிக்க மறக்காதீர்கள். வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடு சேர்ந்து வருவது இந்த இனத்தில் உண்டு. குட்டியை மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்து, அதன் பார்வைக்குப் படாமல் பின்னால் நின்று கைதட்டுங்கள். தரையை அதிரச் செய்யாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பினால் காது கேட்பதாக நாம் ஏமாந்துபோவோம். வம்சாவளிச் சான்றிதழ் தருகிறேன் என்பார்கள். அது பெற்றோர் யார் என்பதைச் சொல்லும் காகிதமே தவிர நலச் சான்று அல்ல. தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் மருத்துவரின் கையொப்பமும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி (தென்காசி): முப்பத்தைந்து நாள் குட்டியை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள், சின்னதிலேயே எடுத்தால்தான் பழகும் என்கிறாரே?

பதில்: எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது மேலே சொன்ன அதே விதிகளில் உள்ளது. கடியின் அளவைக் குட்டி கற்பது தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான். அதிகமாகக் கடித்தால் விளையாட்டு நின்றுபோகும் என்ற பாடத்தை நாம் சொல்லிக் கொடுப்பது கடினம். அவர் அவசரப்படுவதற்குக் காரணம், ஐந்தாவது வாரத்துக்குமேல் குட்டிகளின் தீனிச் செலவும் தடுப்பூசிச் செலவும் தம் தலையில் விழும் என்பதுதான். முன்பணம் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருங்கள். பழகாமல் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்தே இருக்கும்.

கேள்வி (தச்சநல்லூர்): வாங்கி வந்த பத்தாம் நாள் குட்டி இரத்த வயிற்றுப்போக்கில் இறந்துவிட்டது. பார்வோ என்றார்கள். மறு குட்டி எப்போது வாங்கலாம்?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனாலும் அவசரப்படாதீர்கள். பார்வோ வைரஸ் நிழலான மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். நாம் வழக்கமாக ஊற்றும் பினாயில் அதை ஒன்றும் செய்யாது. சிமெண்டுத் தரையையும் தட்டுகளையும் நன்றாகக் கழுவிய பின், கடையில் விற்கும் திரவ பிளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கலந்து, பத்து நிமிடம் ஊற விட்டுத் துடையுங்கள். பழைய துணி, சாக்கு, கழுத்துப்பட்டை ஆகியவற்றை எரித்துவிடுங்கள். முற்றத்து மண்ணை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. ஆகையால் ஓராண்டு பொறுக்க வேண்டும், அல்லது தடுப்பூசிகள் அனைத்தும் முடிந்த வளர்ந்த நாயை எடுக்க வேண்டும். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறாவது வாரம் வரை ஊசி போடப்படுவதற்குக் காரணம் உண்டு: தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி முதல் ஊசியை முறியடித்துவிடலாம். “ஓர் ஊசி போட்டாயிற்று” என்பது பாதுகாப்பு ஆகாது.

கேள்வி (மேலப்பாளையம்): மழையில் நனைந்து கிடந்த தெருக் குட்டி ஒன்றை மகள் தூக்கி வந்துவிட்டாள். வெறிநாய்க்கடி வந்துவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: உங்கள் மகள் செய்தது நல்ல காரியம். முதல் இரண்டு வாரம் தனி இடத்தில் வைத்து, மருத்துவரிடம் காட்டி, குடற்புழு மருந்து கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட்டு, பின்னர் ஆண்டுதோறும் போட்டு வாருங்கள். அதற்குள் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினாலே, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விட வேண்டும். குட்டிதானே என்று மஞ்சள் வைத்துக் கட்டக் கூடாது. நாட்டுக் குட்டி நம் வெயிலைத் தாங்கும். பசும்பாலை மட்டும் குறையுங்கள், வயிற்றுப்போக்கு வரும். குழைந்த சோற்றில் முட்டையோ வேகவைத்த கோழியோ பிசைந்து நாளுக்கு நான்கு வேளை கொடுங்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): பனிநாட்டு நாயான ஹஸ்கி வளர்க்க ஆசை.

பதில்: அக்கினி நட்சத்திரத்தில் நீங்கள் கம்பளி போர்த்திக்கொண்டு ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (களக்காடு): தோட்டக் காவலுக்கு நாய் வேண்டும்.

பதில்: மலையடிவாரத்தில் இரவு நாயைத் தோட்டத்தில் சங்கிலியில் கட்டுவது சிறுத்தைக்கு இரை வைப்பது போன்றது. இரவில் கம்பிக் கூண்டுக்குள் அல்லது திண்ணைக்கு உட்புறம் அடைக்க வசதி செய்த பிறகு வாருங்கள்.

கேள்வி (வள்ளியூர்): எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. நான்கு வயதுக் கன்னி நாயை அம்மாவால் சமாளிக்க முடியாது. நல்ல இடத்தில் எப்படிக் கொடுப்பது?

பதில்: கேட்டீர்களே, அதுவே பெரிது, பலர் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். அப்படிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. குறைந்தது இரண்டு மாத அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். உறவினர், உங்கள் மருத்துவர், நாயை ஏற்கெனவே அறிந்த நண்பர்கள் என்ற வரிசையில் தேடுங்கள். “இலவசம்” என்று அறிவித்தால் முதலில் வருபவர் குட்டி ஈனச் செய்து விற்பவராக இருக்கலாம் என்பதால், கருத்தடை அறுவையை நீங்களே செய்துவிட்டுக் கொடுங்கள். கன்னி போன்ற கொழுப்புக் குறைந்த நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் உடலிலிருந்து நீங்கத் தாமதமாகும். மருத்துவரிடம் இனத்தைச் சொல்லிவிடுங்கள். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்கலாம்.

ஒரு தவற்றை நான் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒருவர் ஐந்து ஏக்கர் தோட்டம் இருக்கிறது என்று சொன்னதை நம்பி, இடத்தைப் பார்க்காமல் ஒரு நாயைக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து அவ்வழியே போனபோது, மோட்டார் அறைக்குப் பின்னால் இரண்டு முழச் சங்கிலியில் கழுத்து புண்ணாகிக் கிடந்தது. தோட்டம் ஐந்து ஏக்கர்தான்; அதன் உலகம் இரண்டு முழம். அன்று திருப்பி அழைத்து வந்தேன். அதிலிருந்து, இரவில் எங்கே படுக்கும், யார் சோறு வைப்பார், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார் என்ற மூன்றையும் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்காமல் எந்த நாயையும் கொடுப்பதில்லை. பத்து நாள் பழகிப் பார்க்கக் கொடுத்து, ஒத்துவராவிட்டால் வேறெவருக்கும் தராமல் உங்களிடமே திருப்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கோழியைத் துரத்தும், இடிக்கு அஞ்சும் என்பது போன்ற குறைகளை மறைக்காதீர்கள்; மறைத்த குறைதான் நாயைத் திருப்பி அனுப்ப வைக்கும். அது படுத்த பழைய சாக்கைத் துவைக்காமல் உடன் அனுப்புங்கள்.

கேள்வி (மகாராஜநகரிலிருந்தே, மறுபடியும்): உரிமையாளர் சம்மதித்துவிட்டார், அண்ணாச்சி. முதல் இரவு குட்டி அழுதால் என்ன செய்வது?

பதில்: அழும். கொல்லைப்புறத்தில் அடைக்காமல் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியில், தாயின் வாசம் உள்ள துணியோடு படுக்க வையுங்கள். அந்தத் துணியை வளர்ப்பவரிடமிருந்து கேட்டு வாங்கி வர வேண்டும். நள்ளிரவில் ஒருமுறை வெளியே கொண்டுபோய்ச் சிறுநீர் கழிக்க வைத்துவிட்டு, விளையாட்டுக் காட்டாமல் திரும்பப் பெட்டியில் விடுங்கள். மூன்று நான்கு இரவு மகனுக்கும் தூக்கம் கெடும் என்பதை அவனிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.