கம்பெனியை மூடிவிட்டார்கள், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட்டவில்லை. முதலாளியிடமே கேட்க முடியுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில், காண்ட்ராக்ட் கம்பெனி இழுத்து மூடியதும் வரும் கேள்வி இது. இபிஎஃப் பாக்கி என்றால், முதலாளி கம்பெனியின் இயக்குநராக இருந்திருந்தால், முடியும்.

சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி, சட்டத்தின் பார்வையில் தனி ஆள். அதன் கடன் பொதுவாக முதலாளி வீட்டு வாசலுக்கு வராது. ஆனால் 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு இதற்கு விலக்கு: சந்தா பாக்கி விழுந்த காலத்தில் இயக்குநராக இருந்த ஒவ்வொருவரும் கம்பெனியோடு சேர்ந்து முழுத் தொகைக்கும் பொறுப்பு. பிறகு ராஜினாமா செய்தாலும் தப்ப முடியாது.

ஏன் இவ்வளவு கறார்? சம்பளச் சீட்டைப் பாருங்கள். 1,700 வெள்ளி (ரிங்கிட்) வாங்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கு இபிஎஃப் என்று 187 பிடித்திருப்பார்கள். கம்பெனி தன் பங்காக 221 போட வேண்டும். அந்த 187 முதலாளியின் காசே இல்லை, உங்கள் காசு. கோயில் திருவிழா வசூலை வாங்கி வைத்த பொருளாளர், "கமிட்டியைக் கலைத்துவிட்டோம்" என்று கையை விரித்தால் விடுவோமா? (எங்கள் ஊரில் விடமாட்டார்கள்.)

சம்பளப் பாக்கிக்கும் இதே பிரிவு செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சேமநிதிக்கு மட்டும்தான், சம்பளத்துக்குத் தொழிலாளர் இலாகாவில் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும்.