தலை தேய்ந்த ஸ்குரூக்களைக் கழற்றுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் கிளட்ச் கவரைக் கழற்றும்போது மூன்று ஸ்டார் ஸ்குரூக்களின் பள்ளம் தேய்ந்துவிட்டது. திருப்புளி புதியதுதான். தவறு எங்கே நேர்ந்தது?

பதில்: திருப்புளியின் தரத்தில் அல்ல, வகையில்தான் சிக்கல். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகளில் ஜிஸ் எனப்படும் ஜப்பானியத் தர ஸ்குரூக்கள் இருக்கும். பலவற்றின் தலையில் சிறு புள்ளி ஒன்றையும் காணலாம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பிலிப்ஸ் வகை ஸ்டார் திருப்புளியின் முனை அந்தப் பள்ளத்தில் அடிவரை பொருந்தி அமராததால், வலுவாகத் திருகியதும் மேலேறி வழுக்கி, பள்ளத்தின் விளிம்பைச் சுரண்டிவிடுகிறது. அளவும் முக்கியம்: 6 மி.மீ. ஸ்குரூவுக்கு 3ஆம் எண் முனை வேண்டும், ஆனால் பெரும்பாலோர் 2ஆம் எண்ணையே வைத்துத் திருகுகிறார்கள்.

இனி, துருநீக்கி எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு தட்டை முனை கொண்ட பஞ்ச் எனும் எஃகுத் தண்டைத் தலைமேல் வைத்துச் சுத்தியலால் சில முறை தட்டினால், பள்ளத்தின் பிதுங்கிய உலோகம் ஓரளவு படிவதோடு மரையின் பிடிப்பும் தளரும். அதன்பின், சுத்தியலால் அடிக்க அடிக்கச் சுழலும் இம்பாக்ட் டிரைவரில் சரியான முனையை மாட்டி, கழற்றும் திசையில் வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். முதல் வழுக்கலிலேயே கையை நிறுத்துவதுதான் முழு வித்தையும்.

கேள்வி: டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில், முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலும் இதே இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். அந்த டப்பா சேர்ந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டர் மெல்லிய வார்ப்பு அலுமினியம், அடி தாங்காது. அங்கே இருப்பவை பெரும்பாலும் 4 மி.மீ. ஸ்குரூக்கள். மூடியைச் சுற்றி ஈரத்துணி விரியுங்கள், ஏனென்றால் பிரேக் ஆயில் பெயிண்டை அரித்துவிடும். பிறகு 4.5 மி.மீ. துளைமுனையால் தலையை மட்டும் துளைத்தெடுங்கள். மூடி இருந்த இடத்திலேயே இருப்பதால் உலோகத்தூள் உள்ளே விழாது. தூளைத் துடைத்தபின் மூடியைத் தூக்கினால், நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் குறடால் பிடித்துத் திருப்பலாம். தலை போனதும் இறுக்கம் விடுபடுவதால், தண்டு பல வேளைகளில் எளிதாகவே வரும்.

கேள்வி: கார்புரேட்டரின் அடிக்கிண்ண ஸ்குரூவைச் சூடாக்கலாமா?

பதில்: அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், இன்ஜின் கவர்களில் சூடு நன்றாகவே உதவுகிறது. ஆனால் பெட்ரோல் இருக்கும் இடத்தில் தீச்சுடர் கூடவே கூடாது. கார்புரேட்டரை வண்டியிலிருந்து இறக்கி, பெட்ரோலை வடித்து, நன்றாக உலரவிட்ட பிறகே தொடுங்கள். அங்கும் முதலில் துருநீக்கி எண்ணெய்தான்.

கேள்வி: ஆலன் போல்ட்டின் அறுகோணக் குழி உருண்டுவிட்டது.

பதில்: சற்றே பெரிய டார்க்ஸ் எனும் ஆறு இதழ் வடிவ முனையைத் தட்டி இறக்கித் திருப்புங்கள்.

கேள்வி: உடைந்த போல்ட்டை எடுக்கப் போட்ட எக்ஸ்ட்ராக்டரே உள்ளே ஒடிந்துவிட்டது.

பதில்: எக்ஸ்ட்ராக்டர் கடினமாக்கப்பட்ட எஃகு, வீட்டுத் துளைமுனை அதை வெட்டாது, வழுக்கிப் பக்கத்து அலுமினியத்தைத்தான் தின்னும். இன்ஜின் பாகத்தை நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள். மற்றவர்களுக்குச் சொல்வது இதுதான்: கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டர் போல்ட்டை உள்ளிருந்து விரித்து மேலும் இறுக்கக்கூடும் என்பதால், முதலில் இடப்புறம் சுழலும் துளைமுனையை முயன்று பாருங்கள், துளைக்கும்போதே போல்ட் கழன்று வருவதுண்டு.

கேள்வி: திரும்ப மாட்டும்போது ஆலன் ஸ்குரூவாக மாற்றலாமா?

பதில்: தாராளமாக. கிளட்ச் கவரில் ஸ்குரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். எனவே அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்திவைத்து, அதே நீளத்தில் வாங்குங்கள். மரை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசையை அதில் மெல்லியதாகப் பூசுங்கள். அலுமினியத்தில் இறங்கும் 6 மி.மீ. ஸ்குரூவுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே கொள்ளுங்கள். பசை பூசிய மரைக்கு அதிலும் சற்றுக் குறைத்தே இறுக்க வேண்டும்.